கரையான் மருந்து மழைநீர் வடிகாலில் போனால் ‘மூணு நாளில்’ மக்கிவிடுமா?

மூன்றாவது_மாடி:

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. இந்த வருடம் சங்கச் செயலாளர் நான்தான் (வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான் தகுதி). கரையானுக்கும் கரப்பானுக்கும் ஒரு கம்பெனியோடு வருட ஒப்பந்தம் இருக்கிறது. போன வாரம் அவர்களுடைய ஆள் வந்து சுற்றுச்சுவர் ஓரம், கார் நிறுத்தும் சிமென்ட் தரை, படிக்கட்டுக்கு அடியில் என்று எல்லா இடத்திலும் கைப்பம்பு வைத்து அடித்துவிட்டு, கிளம்பும்போது டேங்கை இரண்டு தடவை அலசி அந்தத் தண்ணீரை வாசலில் இருக்கும் மழைநீர் வடிகாலின் இரும்பு ஜல்லடைக்குள் ஊற்றினார். வெள்ளை வெளேரென்று இறங்கிப் போனது.

“என்னங்க இது” என்று கேட்டதற்கு, “மூணு நாள்ல தானா மக்கிடும் சார், அந்தக் காலத்து டிடிடி மாதிரி இல்ல” என்றார். அவர் வைத்திருந்த டப்பாக்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்: குளோர்பைரிஃபாஸ் 20 ஈ.சி., பைஃபென்த்ரின் 2.5 ஈ.சி., சமையலறைக்கு ஃபிப்ரோனில் ஜெல்.

இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. குளோர்பைரிஃபாஸுக்கு ஓர் இடத்தில் தண்ணீரில் ஒரு நாள் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 72 நாள். பைஃபென்த்ரினுக்கு 8 மாதத்துக்கும் மேல் என்று ஒரு கணக்கு. இதில் எது சரி? எங்கள் வடிகால் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்களே, அதே இடம். கூட்டத்தில் இதை எடுத்தால் “ஏற்கெனவே சாக்கடைதானே சார், அதுல இது என்ன பெரிசா கெடுத்துடப் போகுது” என்று ஒருவர் கேட்பார் என்று இப்போதே தெரிகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அமிலகாரம்:

நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். ‘ஒரு நாள்’ என்பது தண்ணீரில் தேடினால் பாதி காணாமல் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது. 72 நாள் என்பது கிருமி நீக்கிய, பி.எச். 7 உள்ள (பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) தண்ணீரில் 25 டிகிரி வெப்பத்தில் இருட்டில் வைத்தால் மூலக்கூறு உடைந்து பாதியாக எவ்வளவு காலம் ஆகும் என்பது. காணாமல் போவதும் உடைவதும் ஒன்றில்லை. ஆவியாகிப் போயிருக்கலாம், சேற்றில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மருந்து விற்பவர்கள் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள், அதுதான் சின்னது.

மருந்து நிஜமாகவே உடைய முக்கியமாக மூன்று வழி உண்டு. தண்ணீரே அதை வெட்டுவது, வெயில் உடைப்பது, பாக்டீரியா தின்பது. இதில் முதலாவதை, அதாவது நீராற்பகுப்பை, நிறையப் பேர் கவனிப்பதில்லை. அங்கே ஆட்டம் முழுக்க பி.எச். கையில். மாலத்தியானை எடுத்துக்கொள்ளுங்கள், கொசுப் புகை அடிக்கும் அதே மாலத்தியான். பி.எச். 5 என்றால் பாதியாக 107 நாள், 7 என்றால் ஏறக்குறைய 6 நாள், 9 என்றால் 12 மணி நேரம். கார்பரில் என்ற பூச்சிமருந்து இன்னும் மோசம்: அமிலத் தண்ணீரில் அசையவே அசையாது, 7-ல் 12 நாள், 9-ல் 3 மணி நேரம்தான். குளோர்பைரிஃபாஸ் 7-ல் 72 நாள், 9-ல் 16 நாள். டயசினான் என்ற மருந்து இதற்கு நேர் எதிர், பி.எச். 5-ல் 12 நாளில் பாதியாகும், 7-ல் 138 நாள் ஆகும். ஆகவே ‘தண்ணீரில் இத்தனை நாள்’ என்று ஒற்றை எண்ணைச் சொன்னாலே எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும்.

சாக்கடை கலந்த கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கும் 8-க்கும் நடுவில் நிற்கும். ஆனால் பச்சையாகப் பாசி பிடித்துத் தேங்கி நிற்கும் ஏரி, குட்டை என்றால் கதை வேறு. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறும், மதியம் 9-ஐத் தாண்டுவது சாதாரணம், ராத்திரி மறுபடி இறங்கும். அதனால் ஒரே நாளில் ஒரே மருந்து மத்தியானம் வேகமாகவும் ராத்திரி மெதுவாகவும் உடையும். பார்க்க அசிங்கமாக இருக்கும் பச்சைக் குட்டை மாலத்தியானை உடைப்பதில் தெளிந்த நீரைவிடக் கெட்டி.

பைஃபென்த்ரினுக்கு மட்டும் இந்தக் கதை பொருந்தாது. பி.எச். எதுவானாலும் தண்ணீர் அதை வெட்டாது.

வெயில்: இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து தெளிந்த தண்ணீரில் நல்ல வெளிச்சம் பட்டால் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் உங்கள் வடிகால் மேலே சிலாப் போட்டு மூடிய கான்கிரீட் பெட்டி. அங்கே ஏது வெயில்? திறந்த கால்வாயிலும் தண்ணீர் கறுப்பாக இருந்தால் வெளிச்சம் ஒரு சாண்கூட இறங்காது.

பாக்டீரியா விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. 1973-ல் சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானியும் யோஷிதாவும் பிலிப்பைன்ஸில் நெல் வயல் தண்ணீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். டயசினானையும் பாரத்தியானையும் அது உடைத்தது. டயசினானைத் திரும்பத் திரும்பப் போட்ட வயலில், அடுத்த முறை போடும்போது மருந்து முன்பைவிட வேகமாக மறைந்ததைக் கவனித்துப் போய்த்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். விவசாயிக்கு அது நஷ்டம், தண்ணீருக்கு லாபம். ஆனால் அப்படி ஒரு கூட்டம் உருவாக மருந்து ஒரே இடத்தில் தொடர்ந்து கிடைக்க வேண்டும், மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். மழைக்கு மழை அடித்துக்கொண்டு போகும் நகர வடிகாலில் அதை எதிர்பார்க்க முடியாது. குளோர்பைரிஃபாஸில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: அது உடைந்ததும் வரும் ‘டிரைகுளோரோபிரிடினால்’ என்ற பொருள் கிருமிகளையே அடக்கிவைக்கும் குணமுள்ளது. தின்ன வருகிறவனுக்கு முதல் வாயிலேயே வயிறு கெடுகிறது.


சாக்ரமென்டோ_தமிழன்:

அமிலகாரம் சார் சொன்னதோடு கலிஃபோர்னியாவில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், நகர ஓடை மாதிரிகள்தான் எங்களுக்குப் பாதிச் சோறு.

2000-க்கு முன்னால் இந்தப் பக்க ஓடைகளில் தலைவலி டயசினானும் குளோர்பைரிஃபாஸும். வீட்டுத் தோட்டத்துக்கும் எறும்புக்கும் ஜனங்கள் வாங்கி ஊற்றியது. மழை பெய்ததும் ஓடைத் தண்ணீரை எடுத்து அதில் நீர்ப்பூச்சியை விட்டால் பல இடங்களில் எல்லாம் செத்துப்போகும். பிறகு வீட்டு உபயோகக் குளோர்பைரிஃபாஸை 2001 முடிவில் கடையிலிருந்து எடுத்தார்கள், டயசினானை 2004 முடிவில். தண்ணீரில் அளவு மளமளவென்று இறங்கியது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வெஸ்டன் குழு சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் ரோஸ்வில் என்ற ஊரில், வயலே இல்லாத, புதிதாகக் கட்டிய வீடுகள் மட்டும் இருக்கும் பகுதியில், ஓடைச் சேற்றை எடுத்துப் பார்த்தது. 2005-ல் வெளியிட்டார்கள். சேறு முழுக்கப் பைரித்ராய்டு என்ற வகை மருந்து, அதிலும் முக்கியமாகப் பைஃபென்த்ரின். ஹயலெல்லா என்று அரிசி நீளத்தில் ஒரு சின்ன நன்னீர்க் கூனி வகை இங்கே ஓடைக்கு ஓடை இருக்கும். அந்தச் சேற்றில் விட்டால் பிழைக்கவில்லை. அதுவரை எல்லாரும் தண்ணீரையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மருந்து கீழே சேற்றில் உட்கார்ந்திருந்தது.

இது ஏன் என்றால், பைஃபென்த்ரினுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. கிடைத்த மண் துகளில், இலைச் சக்கையில், எண்ணெய்ப் படலத்தில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். படிந்த பிறகு பாதியாக 8 மாதத்திலிருந்து 17 மாதம் வரை ஆகும் என்று ரிவர்சைட் பல்கலைக்கழகத்தார் ஓடைச் சேற்றை 20 டிகிரியில் வைத்து அளந்தார்கள். நீங்கள் பார்த்த 8 மாதக் கணக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். சென்னைச் சூட்டில் இதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் உடையும், ஆனால் மூன்று நாள் எல்லாம் கனவு.

அளவையும் பாருங்கள். ஹயலெல்லாவுக்குப் பைஃபென்த்ரின் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். ஒரு லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடி லிட்டரில் கலந்த அளவு. உங்கள் டப்பா 2.5 ஈ.சி., அதாவது ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து. அந்த ஒரு மில்லியை லிட்டருக்கு 5 நானோகிராம் என்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய 50 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். டேங்கை அலசிய தண்ணீரில் ஒரு மில்லியாவது இருந்திருக்காதா?

அப்புறம் சிமென்ட் தரை. மண்ணில் அடித்தால் மண் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டில் அடித்தால் நுண்ணிய துளைகளுக்குள் போய் உட்கார்ந்து, அடித்து மாதக்கணக்கில் ஆன பிறகும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இதனால்தான் கலிஃபோர்னியா பூச்சிமருந்துத் துறை 2012-ல் ஒரு விதி கொண்டுவந்தது: தொழில்முறை ஆட்கள் சிமென்ட் பரப்பு முழுக்கப் பைரித்ராய்டு அடிக்கக் கூடாது, விரிசலிலும் குறிப்பிட்ட இடத்திலும் மட்டும்தான், மழை பெய்யும்போது கூடவே கூடாது.


மூன்றாவது_மாடி:

50 லட்சம் லிட்டர் கணக்கைப் படித்துவிட்டு மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கள் வடிகால் அடியில் கறுப்பாக, முட்டை அழுகிய நாற்றத்தோடு சேறு இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத அந்த மாதிரி இடத்தில் எதுவுமே உடையாதா, இல்லை வேறு மாதிரி உடையுமா? இரண்டு, ஃபிப்ரோனில் ஜெல் வீட்டுக்குள்தானே இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே?


அமிலகாரம்:

உடையும், வேறு மாதிரி. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சல்ஃபைடு சும்மா இருக்காது, குளோர்பைரிஃபாஸ் மாதிரி கரிம பாஸ்பேட் வகை மருந்துகளைத் தாக்கும். ஆக இந்த வகை மருந்துக்குக் கறுப்புச் சேறு ஒரேயடியாகப் பாதுகாப்பான இடமில்லை. பைரித்ராய்டுக்குப் பெரும்பாலும் அது நல்ல பெட்டகம்தான், மேலே சேறு படியப் படியப் பத்திரமாகக் கிடக்கும், என்றைக்காவது வெள்ளம் வந்தாலோ தூர்வாரினாலோ மறுபடி கலங்கி மேலே வரும்.

ஃபிப்ரோனில்தான் எனக்கு அதிகக் கடுப்பு. அது உடைவதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, நன்றாகவே உடையும். தண்ணீரில் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் பாதி போய்விடும். ஆனால் என்னவாக ஆகிறது? வெயிலில் டெசல்ஃபினைல், காற்றோட்டமுள்ள மண்ணில் சல்ஃபோன், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஃபிப்ரோனில் சல்ஃபைடு. மூன்றும் பூச்சிக்கு விஷம்தான். சில நீர்ப்பூச்சிகளுக்குத் தாய் மருந்தைவிடப் பிள்ளைகள் பொல்லாதவை. சேற்றில் உருவாகும் அந்தச் சல்ஃபைடு வடிவம் பாதியாக அரை வருடத்துக்கு மேலும் ஆகும். பரிசோதனைக் கூடத்தில் ஃபிப்ரோனிலை மட்டும் தேடினால் ‘இல்லை’ என்று வரும், அறிக்கையைப் பார்த்து நாமும் சந்தோஷப்படுவோம்.

மாலத்தியானும் இப்படித்தான், உடையும் வழியில் ஒரு பகுதி மாலாக்சான் ஆகும், அது மாலத்தியானைவிட வீரியமானது. குளோரின் போட்டுச் சுத்திகரிக்கும் தண்ணீரில் இந்த மாற்றம் வெகு வேகமாக நடக்கும். டிடிடி உடைந்து டிடிஇ ஆகும் கதை ஊருக்கே தெரியும். ‘உடைந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் என்னவாக உடைந்தது என்று கேட்டுவிடுங்கள்.

ஜெல்லைப் பொட்டு பொட்டாக அலமாரி இடுக்கில் வைத்தால் பெரிய கவலை இல்லை. கழுவும் இடத்தில் வைக்காமல் இருந்தால் சரி.


சாக்ரமென்டோ_தமிழன்:

ஜெல் பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் இருந்தால் உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்ன என்று பாருங்கள், நிறைய ஃபிப்ரோனில்தான். நாயைக் குளிப்பாட்டினால் நேரே சாக்கடை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அதை முழுக்கப் பிடிக்காது. இங்கிலாந்தில் 20 ஆறுகளிலிருந்து 2016 முதல் 2018 வரை எடுத்த மாதிரிகளில் 98 சதவிகிதத்தில் ஃபிப்ரோனில் இருந்தது. அங்கே வயலில் அதன் உபயோகம் மிகக் குறைவாக இருந்த காலம் அது. வீடுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நாய் பூனை மருந்தைத்தான் கைகாட்டினார்கள்.


தெளிப்பான்:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். திட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கமும் கேளுங்கள். நாளைக்கு ஐந்தாறு இடம் என்று கணக்கு வைத்துத்தான் ஆளை அனுப்புகிறார்கள். போகும் இடத்தில் டேங்கைக் கழுவ ஓர் இடம் கேட்டால் வாட்ச்மேன் வடிகாலைத்தான் காட்டுவார். அந்தப் பையனுக்கு மூன்று நாள் வசனத்தைச் சொல்லிக் கொடுத்ததே சூப்பர்வைசராக இருக்கும், அவருக்கு மருந்து விற்க வந்த ரெப் சொல்லியிருப்பார்.

நீங்கள் பார்த்த வெள்ளை நிறம் மருந்தின் நிறம் இல்லை. ஈ.சி. என்றால் எண்ணெய் மாதிரி கரைப்பானில் கரைத்த மருந்து, கூடவே சோப்பு வகைச் சரக்கு. தண்ணீரில் ஊற்றியதும் பொடிப் பொடித் துளிகளாகப் பிரிந்து வெள்ளையாகிவிடும். நீங்கள் சொல்லும் கெரசின் வாடையும் கரைப்பானுடையது. (நீங்கள் சொல்லவில்லையோ? எல்லாரும் சொல்வார்கள்.) வாடை போனதும் மருந்தும் போய்விட்டது என்று நினைப்பார்கள். கரைப்பான்தான் ஆவியாகிப் போயிருக்கும், மருந்து அப்படியே தரையில் இருக்கும். அந்த ‘மூணு நாள்’ கணக்கே வாடை போகும் கணக்குதான் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கரையானுக்குச் சிமென்ட் தரை மேலே அடிப்பது வேலையே இல்லை. கரையான் தரை மேலே நடந்தா வருகிறது? கட்டிய கட்டடத்துக்கு முறை, சுவர் ஓரமாகத் தரையில் வரிசையாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, மருந்தைக் கீழே மண்ணுக்குள் இறக்கி, துளையைச் சிமென்ட் வைத்து அடைப்பது. குளோர்பைரிஃபாஸ் 20 ஈ.சி. என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், ஒரு சதவிகிதக் கலவை. அப்படி இறக்கிய மருந்து மண்ணிலேயே பிடித்துக்கொள்ளும், வடிகாலுக்கு வராது. பல வருடம் இருக்க வேண்டும் என்றுதான் அதை இறக்குகிறோம். யோசித்துப் பாருங்கள், மூன்று நாளில் மக்கும் மருந்துக்கு நாங்கள் எப்படி வருடக்கணக்கில் கேரண்டி எழுதிக் கொடுக்க முடியும்? ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியை அவர்களிடமே காட்டுங்கள்.

டேங்க் அலசிய தண்ணீரைக் கொட்டவே தேவையில்லை. அடுத்த இடத்தில் அதே மருந்துதான் கலக்கப் போகிறோம், அந்தத் தண்ணீரிலேயே கலக்கலாம். இல்லையென்றால் கடைசித் துளையில் இறக்கிவிடலாம். நல்ல கம்பெனிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் 44-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: காலி டப்பா, மிச்ச மருந்து, கழுவிய தண்ணீர் எதுவாக இருந்தாலும் சுற்றுச்சூழலும் தண்ணீரும் கெடாதபடி அப்புறப்படுத்துவது மருந்தைக் கையாளுகிறவர் பொறுப்பு. செயலாளர் லெட்டர்ஹெட்டில் இந்த விதி எண்ணைப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், அடுத்த தடவை வருகிறவர் ஒழுங்காக வாளியோடு வருவார்.


கொசுவலை:

“ஏற்கெனவே சாக்கடைதானே” என்று கேட்கப் போகும் அந்த அண்ணாச்சிக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அவருக்குக் கொசு கடிக்கும்தானே?

சாக்கடையிலும் உயிர் இருக்கிறது. உங்கள் வடிகால் சதுப்பில் சேரும் இடத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் கிடைத்ததும் தட்டாம்பூச்சி இளம்புழு, நீர்வண்டு, கம்பூசியா, கப்பி மாதிரிச் சின்ன மீன்கள் எல்லாம் வரும். அதெல்லாம் கொசுப்புழு தின்னும் கூட்டம். பைரித்ராய்டு மீனுக்குக் கடுமையான விஷம், நம் உடம்பு அதை உடைத்து வெளியேற்றும் வேகத்தில் மீனால் முடியாது. தட்டாம்பூச்சிப் புழு வளர்ந்து பறக்க மாதக்கணக்கில் ஆகும், சில வகைக்கு வருடம்கூட ஆகும். கியூலெக்ஸ் கொசு நம் ஊர்ச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். ஒரு தடவை மருந்து வந்து எல்லாரையும் அடித்தால் முதலில் திரும்பி வருவது யார்? கொசுதான். தின்ன ஆள் இல்லாமல் நிம்மதியாக வளரும்.

அதைவிட மோசம், மெதுவாக உடையும் மருந்து கொஞ்சமாக ரொம்ப நாள் இருப்பது. கொல்லும் அளவுக்குக் கீழே, தொந்தரவு தரும் அளவுக்கு மேலே. தாக்குப்பிடிக்கும் புழு மட்டும் பிழைத்துக் குட்டி போடும். நாளைக்கு வீட்டில் செருகும் திரவம், சுருள், மாநகராட்சிப் புகை, முக்கால்வாசி இதே பைரித்ராய்டு குடும்பம். கரையானுக்கு அடித்த மருந்திலேயே கொசுவுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் பிறகு புகை அடித்து என்ன பிரயோஜனம்?

கால்வாயில் புழுவைக் கொல்ல டெமிஃபாஸ் போடுவதும் உண்டு. குடிதண்ணீரிலேயே 10 லட்சத்துக்கு ஒரு பங்கு வரை அனுமதி என்பதால் அது ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். அழுக்குத் தண்ணீரில் அது கரிமத் துகளில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் வலுவிழக்கும், அதனால்தான் சாக்கடைக்கு அடிக்கடி போட வேண்டியிருக்கிறது. என் கணக்கில் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து இதற்கெல்லாம் மேல். புழு தின்றால்தான் வேலை செய்யும், மீனையும் தட்டானையும் தொடாது, சில நாளில் செயலிழந்துவிடும். ஒரேயொரு குறை, அழுக்கு அதிகமானால் அதுவும் சீக்கிரம் படிந்துபோகும், வாரம் ஒருமுறை போட ஆள் வேண்டும்.


மூன்றாவது_மாடி:

எல்லாருக்கும் நன்றி. தெளிப்பான் அண்ணா சொன்ன கேரண்டி வரியை எடுத்துப் பார்த்தேன், 5 வருடம் என்று எழுதியிருக்கிறார்கள்! அதே கம்பெனி, அதே மருந்து. கூட்டத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

முடிவு செய்திருப்பது: தரை மேல் அடிப்பது நிறுத்தம், துளை போட்டு மட்டும்தான். மழைக்காலத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வெளிப்புறத்தில் எதுவும் வேண்டாம். அலசிய தண்ணீர் வடிகாலுக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி. குளோர்பைரிஃபாஸை 2025-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் (எளிதில் மக்காத நச்சு ரசாயனங்களைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) சேர்த்துவிட்டார்கள் என்று படித்தேன், கரையானுக்கு விலக்கு இருக்கிறதாம். அதனால் அதை இப்போதைக்குப் பேசவில்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் வடிகால் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கலாமா? கூட்டத்தில் காட்ட ஒரு தாள் இருந்தால் நன்றாக இருக்கும்.


சாக்ரமென்டோ_தமிழன்:

கொடுக்கலாம், ஆனால் மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுக்காதீர்கள். பைஃபென்த்ரின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கூடத்துக்குப் போய்ச் சேரும்போது தண்ணீரில் பாதிகூட இருக்காது. கண்ணாடிப் பாட்டில், முடிந்தால் பழுப்பு நிறம், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். கண்ணாடியிலும் கொஞ்சம் ஒட்டும், அதனால் பாட்டிலையே கரைப்பான் ஊற்றி அலசி அதையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த கூடத்தில் சொல்லாமலே செய்வார்கள்.

என்னைக் கேட்டால் தண்ணீரை விடுங்கள், சேற்றை எடுங்கள். ஜல்லடைக்குக் கீழே படிந்திருப்பதில் மேலாக ஓர் அங்குலம், எஃகுக் கரண்டியால் வாரி வாயகன்ற கண்ணாடி ஜாடியில். அதே தெருவில் உங்கள் வாசலுக்கு மேல்புறம், தண்ணீர் உங்களிடம் வருவதற்கு முன்னால் உள்ள இடத்தில் இன்னொரு ஜாடி. இரண்டாவது ஜாடி இல்லாவிட்டால் “பக்கத்து பில்டிங்லேருந்து வந்தது சார்” என்று சொல்லிவிடுவார்கள்.

காசு கட்டுவதற்கு முன்னால் கூடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டியலில் பைஃபென்த்ரினும், ஃபிப்ரோனிலோடு அதன் சல்ஃபோன், சல்ஃபைடு, டெசல்ஃபினைல் மூன்றும் இருக்கின்றனவா? குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் கண்டுபிடிப்பார்கள்? பல இடங்களில் குடிநீருக்கான பட்டியலை வைத்து, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரைதான் பார்ப்பார்கள். அது 100 நானோகிராம். நாம் மேலே பேசிய கூனி 5 நானோகிராமிலேயே சாகிறது. அந்தக் கூடத்தின் தாளில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அதைக் கம்பெனிக்காரர்தான் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்வார்.